பட்டாவில் யார் பெயர் இருக்கிறது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது நாம் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. சந்தை இல்லை, பஸ் இல்லை. பறித்த கத்திரிக்காயை மாட்டுக்குப் போட்டோம். அந்த நேரத்தில், மார்ச் 26-ஆம் தேதி, மத்திய அரசு ஒரு நிவாரணம் அறிவித்தது. பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயக் குடும்பத்துக்கு வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணையாகத் தருகிறார்கள் இல்லையா? அதில் ஒரு தவணை 2,000 ரூபாயை ஏப்ரல் தொடக்கத்திலேயே 8.7 கோடி விவசாயிகளுக்குப் போடுவதாகச் சொன்னார்கள்.

அப்போது குழு குழுவாகப் போய் விசாரித்தோம். ரேஷன் கடையில் 1,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். ஜன்தன் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு மாதம் 500 வீதம் மூன்று மாதம் வந்தது. ஆனால் "விவசாயி" என்று பணம் வந்த பெண்கள் ரொம்பக் குறைவு. நாற்று நடுவது நாம், களை எடுப்பது நாம். அப்புறம் ஏன் வரவில்லை? அந்தத் திட்டம் வேலையைப் பார்ப்பதில்லை, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் சாகுபடி நிலத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர்தான் பெண்கள். குத்தகைக்கு உழுகிறவர்களுக்கும் இதில் இடமில்லை.

நம் உறுப்பினர் ஒருவர். ஒன்றரை ஏக்கர் மணிலா. கணவர் 2019 ஆடியில் தவறிவிட்டார். "பட்டாவை மாத்தி என்னம்மா பண்ணப் போற, நாங்க இல்லையா?" என்று கொழுந்தனார் சொல்ல, அவரும் விட்டுவிட்டார். ஊரடங்கில் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கெல்லாம் பணம் வந்தது. அவருக்கு வரவில்லை. குழுவில் கடன் வாங்கித்தான் விதைக் கொட்டை வாங்கினார்.

இன்னொரு பக்கம் என்ன நடந்தது? "கொரோனா பணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்க" என்று புரோக்கர்கள் வந்தார்கள். நிலமே இல்லாதவர்களைக்கூட விவசாயி என்று பதிந்துவிட்டார்கள். 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் இது வெளியே வந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில், தகுதி இல்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டது தெரிந்தது. 100 கோடி ரூபாய்க்கு மேல் போயிருந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. கணக்கில் வந்த பணத்தை அரசு திரும்ப வாங்கியது. புரோக்கருக்குக் கொடுத்த கமிஷன் போனது போனதுதான். நம் பெண்கள் சிலர் வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார்கள். விவரம் தெரியாமல் கொடுத்தவர்களை நாம் குற்றம் சொல்லவில்லை. இனிமேல் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

அந்த மணிலாக் காட்டு அக்கா பிறகு என்ன செய்தார் தெரியுமா? குழு ஊக்குநரைக் கூட்டிக்கொண்டு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கி, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுப் போட்டார். நாலு நடை ஆனது. பட்டாவில் அவர் பெயரும் பிள்ளைகள் பெயரும் ஏறியது. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் பணம் என்பது இந்தத் திட்டத்தின் விதி. ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் அவருக்கு இப்போது தவணை வருகிறது.

ஆகவே சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் வீட்டுப் பட்டாவைக் கொண்டு வாருங்கள். யார் பெயரில் இருக்கிறது என்று வாசித்துப் பார்ப்போம். மாமனார், கணவர் இறந்தும் மாற்றாமல் இருந்தால் தீர்மான நோட்டில் எழுதி, சேர்ந்தே தாலுகா ஆபீசுக்குப் போவோம். சொந்தமாக நிலம் வாங்குகிற வீட்டில், பத்திரத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பி.எம். கிசானில் இருப்பவர்கள் இ-கே.ஒய்.சி. முடித்தாச்சா, ஆதார் வங்கிக் கணக்கோடு சேர்ந்திருக்கா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். யாரிடமும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

மழை பொய்க்கலாம், இன்னொரு நோயும் வரலாம். அன்றைக்கும் அரசு பட்டாவைத்தான் கேட்கும். அதற்குள் நம் பெயரை ஏற்றிவிடுவோம்.