ஒரு குடும்பத்து வேர், மூன்று வைத்தியம்

நான் வைத்தியனல்ல, கணக்காளன். ஆனாலும் இன்று ஒரு கிழங்கைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டிருக்கிறேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

சாத்தாவாரி, தண்ணீர்விட்டான் என்றெல்லாம் சொல்லப்படும் முட்கொடியை ஊரில் கண்டிருப்பீர்கள். அடியைக் கிண்டினால் விரல் விரலாக, நீர் நிறைந்த கிழங்குகள் கொத்தாக வரும். சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் அதைக் காயவைத்துத் தூளாக்கிப் பாலில் கொடுப்பார்கள். பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பால் சுரக்கவும், உடற்சூடு தணியவும், நீர்க்கடுப்பு மாறவும் அது கைமருந்து. சிங்கள மக்கள் 'ஹாத்தாவாரிய' என்று இதன் இலையில் கஞ்சி காய்ச்சுவார்கள். பால் சுரப்பதைப் பற்றி நடந்த ஆய்வுகள் சிறியவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

சீன வைத்தியத்தில் இதே இனத்தின் வேறொரு செடியின் கிழங்கு உண்டு. பெயர் 'தியன் மென் டொங்'. அங்கே அது வறட்டு இருமலுக்கும் தொண்டை வறட்சிக்கும் மருந்து.

கடையில் நாம் வாங்கும் அஸ்பரகஸ் இவற்றுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். நாம் தண்டைத் தின்கிறோம். ஐரோப்பிய மூலிகை வைத்தியர்கள் வேரைச் சிறுநீர் பெருக்கக் கொடுத்தார்கள். ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழுவான 'கமிஷன் இ' சிறுநீர்ப்பாதை அழற்சிக்கும், சிறுநீரகக் கல் வராமல் தடுக்கவும் அதை ஏற்றது. நிறையத் தண்ணீருடன் எடுக்க வேண்டும். ஆனால் சிறுநீரக அழற்சி உள்ளவர்களுக்கும், இருதய, சிறுநீரகக் கோளாறால் உடல் வீங்கியவர்களுக்கும் கூடாது என்றும் அதே குழு எச்சரித்தது.

அந்த எச்சரிக்கையை நான் முன்பொருமுறை இதே வானொலியில் சொல்லவில்லை. "இயற்கை மருந்துதானே, எவருக்கும் தீங்கில்லை" என்று தாராளமாகச் சொல்லிவிட்டேன். சில கிழமைகளின் பின் வயதான நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். இருதய நோயாளி, தண்ணீரை அளந்து குடிக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தாராம். "தம்பி, நீங்கள் சொன்னபடி தூளும் குடித்தேன், தண்ணீரும் குடித்தேன். கால் இரண்டும் வீங்கிவிட்டது" என்றார். மருத்துவரிடம் சொன்னீர்களா ஐயா என்று கேட்டேன். "ஊர் மருந்தை வெள்ளைக்காரனிடம் எப்படிச் சொல்வது?" என்றார். அன்றே போகச் சொன்னேன், போனார், தேறினார்.

கணக்கில் ஒரு வரவை மறைத்தால் முழு ஏடும் பிழைக்கும். மருந்தும் அப்படித்தான். கர்ப்பிணிகளும், நாள்பட்ட நோயுள்ளவர்களும் கேட்காமல் எடுக்க வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தூள் போத்தலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.