நட்டுக்கு ஏற்ற ஸ்பானர்



மோட்டார் சைக்கிளைத் தாமே கழற்றிப் பூட்டும் இளைஞர்கள் நம் தோட்டங்களில் பலர் உள்ளனர். அவர்களது ஊக்கத்தைப் பாராட்டும் நாம், அவர்கள் கையாளும் கருவியைப் பற்றிச் சில கூற விழைகிறோம். பொருந்தாத ஸ்பானர் வழுக்கினால் நட்டின் முனைகள் மழுங்கும். இழுத்த வேகத்தில் கை இரும்பில் மோதும். முட்டி பிளந்த விரல்களோடு மறுநாள் விடியலில் உளி பிடித்து மரம் சீவுவது எத்தகைய துன்பம் என்பதை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆறு பட்டை நட்டுகள் யாவும் பார்வைக்கு ஒன்றே போல் தோன்றும். ஆயினும் அவற்றின் அளவு முறைகள் வேறு. ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் உள்ளவை மில்லிமீட்டர் அளவின. 14 என்று பொறித்த ஸ்பானரின் வாய் 14 மில்லிமீட்டர் அகலமுடையது, இதில் குழப்பமில்லை. குழப்பம் எழுவது இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய இயந்திரங்களிடத்தில்தான். ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1841-ஆம் ஆண்டில் வகுத்த திருகுமுறையை அவற்றுள் பல பின்பற்றின. அம்முறைக்குரிய ஸ்பானரில் காணும் எண் வாயின் அகலத்தைக் குறிப்பதன்று. போல்ட்டின் தண்டுப் பருமனைக் குறிப்பது. 1/4 W என்று பொறித்த ஸ்பானரின் வாய் கால் அங்குலமன்று, 0.525 அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். அதற்குரிய நட்டில் 13 நுழையாது. 14 நுழையும், ஆனால் ஆடும். ‘நுழைந்துவிட்டதே, போதும்’ என்று இழுப்பவரே நட்டை உருண்டையாக்கி விடுகிறார்.

சைக்கிள் வைத்திருப்போர்க்கும் ஒரு சொல். இடப்பக்க மிதிகட்டையின் மரை எதிர்ப்புறமாக வெட்டப்பட்டது. அதைக் கழற்றக் கடிகாரமுள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். இதை அறியாது முழு வலிமையும் காட்டுபவர், கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்குகிறார்.

இனி, பலரையும் திகைக்கச் செய்யும் நட்டுக்கு வருவோம். பழைய ஹோண்டா கப்சாய் வண்டிகளின் எஞ்சினில் வலப்பக்க மூடியைக் கழற்றினால் கிளட்ச் தெரியும். அதன் முகப்பில் உள்ள சிறு மூடியையும் அகற்றினால், நடுவில் வட்டமானதொரு நட்டு காணப்படும். அதற்குப் பட்டைகள் இல்லை. விளிம்பில் நான்கு வெட்டுகளே உண்டு. எந்த ஸ்பானரும் அதைப் பற்றாது. ஆகவே சிலர் உளியை வெட்டில் வைத்துச் சுத்தியலால் அடிக்கின்றனர். நட்டு சில வேளை அசையவே செய்யும். ஆனால் வெட்டு சிதையும், இரும்புத் துகள் எஞ்சினுக்குள் விழும், கண்ணிலும் தெறிக்கலாம். அத்துகள் எண்ணெயோடு சுற்றி விளைக்கும் கேட்டை நோக்க, கருவியின் விலை மிகச் சிறிது.

அந்நட்டுக்கென்றே செய்யப்பட்ட கருவி குழாய் வடிவினது. நுனியில் நான்கு பற்களை உடையது. உதிரிப்பொருள் கடையில் கேட்கும்போது வண்டியின் வகையைச் சொல்லுங்கள். நட்டைத் துடைத்து, அதன் மீது தாளை வைத்து விரலால் அழுத்தினால் வெட்டுகளின் தடம் பதியும். அத்தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பற்களின் எண்ணிக்கை மட்டும் ஒத்திருந்தால் போதாது, வட்டத்தின் அகலமும் ஒத்திருக்க வேண்டும்.

கருவி கிடைத்ததும் உடனே திருப்பலாகாது. நட்டின் அடியிலுள்ள பூட்டு வாஷரின் நாக்கு, வெட்டுகளுள் ஒன்றில் மடிந்து கிடக்கும். முதலில் அதை நிமிர்த்த வேண்டும். நட்டைத் திருப்புகையில் கிளட்ச்சும் உடன்சுழலும் ஆதலால், அதைப் பிடித்து நிறுத்தும் கருவியும் தேவை. தனியொருவர் வாங்க இயலாவிடில் நால்வர் சேர்ந்து வாங்கி வைத்துக் கொள்ளலாம். நாள்தோறும் வேண்டப்படும் கருவியன்று இது.

மீண்டும் பூட்டும்போது பழைய பூட்டு வாஷரைப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை மடிந்து நிமிர்ந்த நாக்கு எளிதில் ஒடியும். நட்டை இறுக்கிய பின் புதிய வாஷரின் நாக்கு எந்த வெட்டுக்கும் நேராக வராவிடில், நட்டைத் தளர்த்தாமல், சற்றே மேலும் இறுக்கி, நேர்ப்படுத்தி மடித்து விடுங்கள்.