பெயர்ந்த கல்லும் பிரிந்த பாட்டும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கல்லும் பாட்டும் தம் இடத்தை விட்டுப் பெயர்ந்தால் அவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதே இன்று உங்கள் முன் வைக்கும் பொருள்.

இத்தாலியின் ஃபிளாரன்சு நகரில் சான் பியரோ ஸ்கெராஜியோ என்றொரு தேவாலயம் இருந்தது. அதன் பிரசங்க மேடை 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்தது. வெண் சலவைக்கல்லில் உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கி, பின்புலத்தில் பள்ளம் வெட்டி, கரும்பச்சைக் கல்லைக் கோலமாகப் பதித்தனர். வெண்பட்டில் பச்சைப் புட்டா இடும் நம் நெசவாளருக்கு அவ்வேலையின் அருமை விளங்கும். தாந்தே அம்மேடையில் நின்று பேசினார் என்பது அந்நகரத்துச் செவிவழி வழக்கு. 1782இல் மேடை, குன்றின்மேலுள்ள சான் லியோனார்தோ ஆலயத்துக்குச் சென்றது. மங்கள வார்த்தையைக் காட்டும் பலகை மட்டும் இன்று நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரிந்தும் அதன் பிறப்பிடம் மறக்கப்படவில்லை.

நம் யோகினியருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஏறத்தாழ 4 அடி உயரத்தில் அமர்ந்த கோலத்தில் உள்ள இவர்கள் 10ஆம் நூற்றாண்டினர். யோகினியர் கூட்டமாக வழிபடப்படுவோர். ஒடிசாவின் ஹீராப்பூரில் வட்டச் சுவரில் வரிசையாக இருப்பதை இன்றும் காணலாம். இங்குள்ளோரைப் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 1920களில் திரட்டினார். பாரிசு வணிகர் சி. டி. லூ வழியே பலர் விற்கப்பட்டனர். இன்று இலண்டன், பாரிசு, வாஷிங்டன், டெட்ராய்ட், டொராண்டோ எனத் திசைக்கொருவராக இருக்கின்றனர். பத்மா கைமல் இப்பயணத்தை ஆராய்ந்து 2012இல் நூலாக்கினார். ஆயினும் அவர்களின் கோயில் நின்ற இடம் உறுதிப்படவில்லை. காஞ்சி என்பாரும் உளர். காவேரிப்பாக்கம் என்பாரும் உளர்.

இவ்விடத்தில் புறத்திரட்டை நினைவுகூர்வோம். அதைத் தொகுத்தவரும் பாடல்களை நூல்களினின்று பிரித்தவரே. ஆனால் எப்பாடல் எந்நூலைச் சேர்ந்தது என்று குறித்து வைத்தார். அக்குறிப்பு இருந்ததனாலன்றோ, முழுநூல் மறைந்த பின்னும் முத்தொள்ளாயிரம் என்ற பெயரோடு அப்பாடல்கள் நம் கையில் உள்ளன! பிரித்தல் ஓர் இழப்பு. குறிப்பின்றிப் பிரித்தல் மீளா இழப்பு.

போனதற்கு இரங்கிப் பாடுதல் எளிது. இருப்பதைக் குறித்து வைத்தலே அரிது. குளக்கரையிலும் மரத்தடியிலும் தெருமுனையிலும் இன்னும் எத்தனை கற்கள் இவ்வூரில் பதிவின்றிக் கிடக்கின்றன! நம் வட்டம் பதினோராம் ஆண்டில் ஒரு பணியை மேற்கொள்ளட்டும். ஒவ்வொரு கல்லும் எங்குள்ளது, எத்திசை நோக்குகிறது, அத்தெருவார் அதனை என்ன பெயரால் அழைக்கின்றனர் என்று எழுதி வைப்போம். படமும் எடுத்துச் சேர்ப்போம். சொல்லைக் காப்பவர்க்கு இது புறம்பான வேலையன்று.