மேல்மாடத்துப் பாட்டும் கேசட்டுப் பாட்டும்

(நமது பங்கின் வைர விழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்ப மாலையில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



குடும்ப மாலையில் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, குடும்பச் செபமாலையைப் பற்றிப் பேசுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதைப் பற்றி ஞாயிறுதோறும் பேசுகிறோம். நீங்களும் பொறுமையாய்க் கேட்கிறீர்கள். இன்று பாட்டைப் பற்றிப் பேச விரும்புகிறோம். காரணம் உண்டு. விழாத் திருப்பலிக்குப் பாடல் தெரிவு செய்ய மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றிலும் சண்டை. பெரியவர்கள் கையில் ஒரு பட்டியல், இளையோர் கையில் ஒரு பட்டியல். இரண்டாம் கூட்டத்தில் ஒரு தகப்பனும் மகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "வீட்டில் நீங்கள் இருவரும் ஒருவர் பாட்டை மற்றவர் முழுதாகக் கேட்டதுண்டா?" என்று கேட்டோம். "அவ காதுல எப்பவும் அந்த ஒயர்தான் சாமி" என்றார் தகப்பனார். "அப்பா அவங்க பாட்டப் போட்டா நிறுத்தவே மாட்டாங்க ஃபாதர்" என்றாள் மகள். கேட்டதில்லை என்று இருவருமே ஒத்துக்கொண்டார்கள்.

அவர்களைப் பார்த்தபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. நம்முடைய வீட்டுக் கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதை இதுவரை எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை.

நம் தகப்பனார் கிராமத்துக் கோவிலில் பாடகர். ஆலயத்தின் பின்புறம் மரப்படி ஏறிப் போகிற மேல்மாடத்தில் நின்று, பதினைந்து வயது முதல் பாட்டுப் பூசைக்கு இலத்தீனில் பாடியவர். இலத்தீன் எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. கீரியே, குளோரியா, கிரேதோ எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே எழுத்துக்கு மேலே ஒரு கோடு, எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே ஒரு சிலுவைப் புள்ளி. அதுதான் அவருடைய சுரக்குறிப்பு. பிறகு சங்கம் வந்தது. 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. சில ஆண்டுகளில் பூசை தமிழில் ஆனது. மக்களுக்கு அது எவ்வளவு பெரிய கொடை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேல்மாடத்தில் நின்றவர்கள் கீழே இறங்கி வந்தார்கள். நம் தகப்பனார் குறை ஒன்றும் சொல்லவில்லை. தமிழ்ப் பாடல்களை மற்றவர்களோடு பெஞ்சு வரிசையில் நின்று பாடினார். நோட்டு பரணுக்குப் போனது.

நாம் சிறு குருமடத்தில் சேர்ந்தது இதற்கெல்லாம் பிந்தி. அங்கே ஒரு பேராசிரியர் சுவாமி கால் ஆர்மோனியத்தில் பாக் என்ற செர்மானியரின் இசையை வாசிப்பார். ஒரு குரல் தொடங்கும், அதே மெட்டை இன்னொரு குரல் பின்னாலேயே பிடித்துக்கொண்டு வரும், பிறகு மூன்றாவது. இதற்கு ஃபியூக் என்று பெயர் என்று கற்றோம். 1986-இல் இளையராஜா அவர்களின் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பு வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் அதைக் காணிக்கையாக்கியிருந்தார். பாட்டில்லாத வெறும் இசை. நம் இராகமும் பாக்கின் முறையும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன. கையிலிருந்த காசெல்லாம் கொடுத்து அந்தக் கேசட்டை வாங்கி, கோடை விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

இரவுச் செபம் முடிந்து அப்பா வேரித்தாஸ் வானொலி கேட்கிற நேரம். "அப்பா, இதைக் கேளுங்க" என்று கேசட்டைப் போட்டோம். ஒரு பக்கம் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையைக்கூட எடுக்கவில்லை. முடிந்ததும், "எய்யா, அந்த வயலின் ஒண்ண ஒண்ணு தொரத்திட்டுப் போகுதே, அத இன்னொரு தரம் போடு" என்றார். ஆறு மாதம் பாடம் படித்து நாம் தெரிந்துகொண்டதை, பாடம் படிக்காத மனிதர் ஒரே தடவையில் கண்டுபிடித்துவிட்டார்.

அன்று இரவே, அந்த மகிழ்ச்சியில், பரணில் ஏறி நோட்டை எடுத்து வந்தார். தூசியைத் துண்டால் தட்டி, "நீ ஒண்ணு குடுத்தே, நான் ஒண்ணு தாரேன். இந்தக் கீரியேயப் படிச்சுக்கோ, சாமியாரான பொறகு ஒதவும்" என்றார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "அதெல்லாம் போன காலம்ப்பா. இப்ப யாரு இலத்தீன் பாடுறா?"

அவர் வாதாடவில்லை. நோட்டை மூடினார். மறுநாள் அது பரணில் இருந்தது.

அன்பர்களே, அவர் நம்முடைய பாட்டைக் கேட்டார்; நாம் அவருடைய பாட்டைக் கேட்கவில்லை. அந்த வயதில் இது தவறென்றே நமக்குத் தோன்றவில்லை. சங்கத்தின் பக்கம் நின்று பேசிவிட்டதாகத்தான் நினைத்தோம். பெரிய குருமடத்தில் சங்க ஏட்டை எழுத்தெழுத்தாகப் படித்தபோது வெட்கமாயிருந்தது. அதன் 116-ஆம் எண், கிரகோரியன் இசையை உரோமை வழிபாட்டுக்கே உரியதென்று சொல்லி அதற்கு முதலிடம் தருகிறது. 119-ஆம் எண், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குத் தங்கள் சொந்த இசை மரபு உண்டு, அதற்கும் உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது. அப்பாவின் நோட்டுக்கும் மகனுடைய கேசட்டுக்கும் ஒரே ஏட்டில் இடம் இருந்திருக்கிறது. நாம்தான் பாதியைப் படித்துவிட்டுப் பேசியிருக்கிறோம்.

அந்த நாட்களில் குருமட நூலகத்தில் மோசார்ட் தம் தகப்பனாருக்கு எழுதிய கடிதங்களைப் படிக்க நேர்ந்தது. தகப்பன் லெயோபோல்டு, சால்ஸ்பூர்க் பேராயரின் அரண்மனை இசைக்குழுவில் பணிபுரிந்தவர். வயலின் கற்பிக்க 1756-இல் ஒரு நூல் வெளியிட்டார். மகன் வோல்ஃப்காங் பிறந்ததும் அதே ஆண்டில். மகனுக்குக் குரு அவரே. 1781-இல் மகன் பேராயரிடம் வேலையை உதறிவிட்டு வியன்னாவில் தங்கிவிட்டார். தகப்பனுக்குக் கோபம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், தகப்பனுக்குப் பிடிக்காத இடத்தில் திருமணம் வேறு. இந்தக் கசப்பெல்லாம் நடக்கும்போதே, 1782 ஏப்ரல் 10-ஆம் நாள் மகன் கடிதம் எழுதுகிறார். ஞாயிறுதோறும் பகல் 12 மணிக்கு ஃபான் ஸ்வீட்டன் என்ற பிரபுவின் வீட்டுக்குப் போகிறேன், அங்கே ஹேண்டல், பாக் தவிர வேறு ஒன்றும் வாசிப்பதில்லை, வீட்டிலிருக்கும் ஹேண்டலின் ஆறு ஃபியூக்குகளையும் எபர்லினின் படைப்புகளையும் அனுப்பி வையுங்கள் என்று கேட்கிறார். எபர்லின் சால்ஸ்பூர்க்கில் இசைத் தலைவராயிருந்தவர். தகப்பன் மதித்த மனிதர். பத்தே நாளில் மகன் தம் அக்காளுக்கு எழுதுகிறார்: எபர்லினின் ஃபியூக்குகள் இங்கேயே கிடைத்துவிட்டன, ஹேண்டல், பாக் பக்கத்தில் வைக்கத் தகுதியில்லை, அப்பா இன்னும் படியெடுக்காவிட்டால் வேண்டாம் என்று சொல். தகப்பன் ஊரின் பெருமையை இப்படி ஒரு வரியில் தள்ளிவிட்டாரே என்று நமக்கு வருத்தமாயிருந்தது. நம்மைப் போலத்தான் அவரும் என்று எண்ணிக்கொண்டோம்.

ஆனால் மறு ஆண்டு, 1783 ஏப்ரல் 12-இல் எழுதிய கடிதம் வேறு மாதிரி. இந்த முறை மகன் கேட்பது தகப்பன் தாமே எழுதிய கோவில் இசையை.  காலத்துக்குக் காலம் மக்களின் சுவை மாறுகிறது, அந்த மாற்றம் கோவில் இசையைத் தொட்டிருக்கக் கூடாது, தொட்டுவிட்டது, அதனால்தான் உண்மையான கோவில் இசை கூரைக்கடியில் புழு அரித்துக் கிடக்கிறது என்று மனம் நொந்து எழுதுகிறார்.

கூரைக்கடியில் புழு அரித்து! அந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு ஒரு கார்டு எழுதினோம். "அப்பா, அந்த நோட்டை அனுப்பி வையுங்கள். கீரியே படிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினோம். மன்னிப்புக் கேட்கும் துணிவு வரவில்லை.

பத்து நாளில் நூல் கட்டிய பொட்டலம் வந்தது. பரணில் கரையான் ஏறியிருந்தது. நோட்டின் ஒரு மூலை முழுக்கப் போயிருந்தது. கிரேதோ பாதிதான் இருந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம். போனதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. "அந்தத் தொரத்துகிற கேசட்டை நம்ம டேப்பு தின்றுவிட்டது. பென்சில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், முடியவில்லை. கிடைத்தால் இன்னொன்று வாங்கி வரவும்" என்று எழுதியிருந்தார். நாம் வீட்டில் விட்டுவந்த கேசட்டை அவர் அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இலத்தீன் பாட்டுகளைப் பொறுத்தவரை கரையானால் நட்டமில்லை. கிரேதோ குருமடப் புத்தகத்தில் இருந்தது, பார்த்து நிரப்பிக்கொண்டோம். ஆனால் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேவமாதாவின் பேரில் ஒரு தமிழ்ப் பாட்டு இருந்தது. அப்பாவின் பாட்டுவாத்தியார் யாரோ கட்டியதாம். எந்த அச்சுப் புத்தகத்திலும் அது இல்லை. நான்கு சரணத்தில் இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. அடுத்த விடுமுறையில் புதுக் கேசட்டோடு போய், "மீதியைப் பாடுங்கப்பா, பதிந்துகொள்கிறேன்" என்றோம். அதற்குள் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி மூச்சு நிற்கவில்லை. இருக்கிற இரண்டு சரணத்தைப் பாடினார். மூன்றாவதற்குத் தொடக்கச் சொல் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தார். "மேல்மாடத்துல நின்னாத்தான் எய்யா எனக்கு ஞாபகம் வரும்" என்றார். அந்த மேல்மாடத்தை அதற்கு முந்திய ஆண்டுதான் இடித்திருந்தார்கள்.

முதல் ஆண்டே நோட்டை வாங்கியிருந்தால் நான்கு சரணமும் கிடைத்திருக்கும். அதை நினைக்காமல் நாம் அந்தப் பாட்டைப் பாடியதில்லை. மே மாத வணக்கத்தில் நம் ஆலயத்தில் ஏன் அந்தப் பாட்டு இரண்டே சரணத்தோடு நின்றுவிடுகிறது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் காரணம்.

மோசார்ட்டின் தகப்பனாருக்கு 1785-இல் ஒரு நல்ல நாள் வாய்த்தது. வியன்னாவுக்கு மகன் வீட்டுக்கு வந்திருந்தார். மகன் எழுதிய புதிய நால்வர் இசையை வாசித்துக் காட்டினார்கள். கேட்க வந்திருந்த ஹெய்டன், தமக்குத் தெரிந்த இசைப் புலவர்களில் உம் மகனே தலைசிறந்தவர் என்று அந்தத் தகப்பனிடம் கடவுளைச் சாட்சி வைத்துச் சொன்னார். இரண்டு ஆண்டு கழித்து, 1787 மே 28-இல், லெயோபோல்டு இறந்தார். நம் தகப்பனாருக்கு யாரும் அப்படிச் சான்று சொல்லவில்லை; சொல்கிற அளவுக்கு நாமும் ஒன்றும் செய்துவிடவில்லை. நமது முதல் திருப்பலியில் நாம் அவருடைய கீரியேயைப் பாடினோம். முன்வரிசையில் அவர் உதடு மட்டும் அசைந்தது. பூசை முடிந்து கையை முத்தி செய்ய வந்தவர், "மூணாவது கீரியேல மூச்சு தப்பிப் போச்சு சாமி" என்று காதில் சொன்னார். அன்றுதான் முதல்முறை நம்மைச் சாமி என்றார்.

இனி நம் பங்குக்கு வருவோம். நம் பங்கில் எழுபத்தைந்தைக் கடந்தவர்கள் சிலர் சிறு வயதில் இலத்தீன் பூசைக்குப் பாடியவர்கள். அவர்கள் வீட்டில் நோட்டு இருக்கலாம். நோட்டு இல்லாதவர்களுக்கு நினைவு இருக்கலாம். பிள்ளைகளே, உங்கள் செல்போனில் பதிவு செய்ய டேப்பும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். பெரியவர்களே, பதிவு செய்ய வருகிற பிள்ளையிடம் ஒரே ஒரு நிபந்தனை: அவன் பாட்டு ஒன்றை நீங்களும் கடைசிவரை கேட்க வேண்டும். பாதியில் "போதும்" என்று சொல்லக் கூடாது. பிடிக்காவிட்டால் கேட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன தகப்பன், மகள் கதையையும் முடித்துவிடுகிறோம். கூட்டத்துக்குப் பிறகு இருவரும் ஆளுக்கொரு பாட்டு மாற்றிக்கொண்டார்களாம். தகப்பன் தந்த பாட்டை மகள் இப்போது கீபோர்டில் வாசிக்கிறாள். சரணத்தின் கடைசி அடியில் அவள் சுரம் தப்பு என்கிறார் தகப்பன். முப்பது வருஷமாய் அப்பாதான் தப்பாய்ப் பாடுகிறார் என்கிறாள் மகள். போன வாரம் இருவரும் தீர்ப்புக் கேட்டு நம் அறைவீட்டுக்கு வந்தார்கள். பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் சுரம் போடவில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பாடற்குழுப் பயிற்சி. அந்தப் பாட்டு தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து வாருங்கள்.