நூலுக்கு எல்லையில்லை, சட்டத்திற்கு உண்டு



பதிப்புரிமைச் சட்டம் வழக்கறிஞர்க்கும் அச்சகத்தார்க்குமே உரியதென்று எண்ணுவோர் நம்மிடையே பலர். ஒரு நூல் நம் பிள்ளைகளின் கைக்கு வருமா, வராதா என்பதைத் தீர்மானிக்கும் சட்டம் அது. ஆதலின் அது நம் அனைவருக்கும் உரிய விடயமாகும்.

1960 ஆம் ஆண்டிலே காலமான ஈழத்துப் புலவர் ஒருவரின் நூலை எடுத்துக்கொள்வோம். கனடாவில் அந்நூலின் உரிமைக்காலம் 2010 உடன் முடிந்தது. ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டு என்பதே அன்று அங்கிருந்த கணக்கு. 2022 இன் இறுதியில் அதனை 70 ஆக்கினர். எனினும் முடிந்த உரிமைக்கு மீண்டும் உயிர் கொடுத்தாரில்லை. இந்தியாவில் 60 ஆண்டு. அது 2020 உடன் முடிந்தது. இலங்கையிலோ, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி 70 ஆண்டு. 2030 முடியுமட்டும் காத்திருத்தல் வேண்டும். ரொறன்ரோவிலும் சென்னையிலும் எவரும் அச்சிடலாம். அந்நூல் பிறந்த யாழ்ப்பாணத்திலே உரியவரின் இசைவின்றி அச்சிடல் ஆகாது! அச்சு நூலாயின் கப்பலேறி வரவேண்டும். இணையத்திலேற்றிய நூலோ சென்னையிலிருந்து கணப்பொழுதிற் பருத்தித்துறைக்கு வந்துவிடும். அப்பொழுது ஆள்வது எந்நாட்டுச் சட்டம்?

உலக நாடுகள் இக்கேள்வியைக் காணாதிருக்கவில்லை. பிறநாட்டு ஆசிரியனையும் தன்னாட்டு ஆசிரியனைப் போலவே காக்க வேண்டும் என்று 1886 இல் பேர்ண் உடன்படிக்கை விதித்தது. இலங்கை 1959 இலும் அமெரிக்கா 1989 இலும் அதிற் சேர்ந்தன. இணையத்தில் நூலை வழங்கும் உரிமையும் ஆசிரியனுக்கே என்று 1996 இல் ஜெனீவாவிற் செய்த உடன்படிக்கை கூறியது. ஆயின் இவையெல்லாம் வேலி இவ்வளவு உயரத்திற்குக் குறையலாகாது என்றே கூறின. இதற்கு மேற் போகலாகாது என்று கூறவில்லை. படலை எங்கே வைப்பது என்பதையும் பெரும்பாலும் அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டன. நூலகம் பேணுதற்பொருட்டுப் படியெடுக்கலாமா? உரியவர் எவரென அறியப்படாத நூலை யாது செய்வது? நாட்டுக்கொரு விடை!

இதனால் நமக்கு நேரும் இழப்புச் சிறிதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரியுண்டன. எஞ்சியவற்றைத் தேடி, எண்ணிம வடிவிற் காக்கும் பணியை 2005 முதல் நூலகம் நிறுவனம் ஆற்றிவருகின்றது. ஆனால் போரினால் ஆசிரியர்களும் வழித்தோன்றல்களும் திசைக்கொருவராய்ச் சிதறினர். எவரிடம் இசைவு கேட்பது? விடை கிடைக்குமுன் தாள் செல்லரித்துப்போம்.

எழுத்தாளன் உழைப்பைப் பறித்தல் நம் நோக்கமன்று. உழுதவனுக்கு விளைவு உரியது போல, எழுதியவனுக்கு ஊதியம் உரியது. ஆயினும் நம்மூர்ப் பங்குக் கிணற்றை நினைந்து பாருங்கள். பங்கு உண்டு, முறை உண்டு. தாகத்திற்கு நீர் மறுக்கும் வழக்கம் இல்லை.

நாம் வேண்டுவன மூன்று. உரிமைக்காலம் எந்நாட்டிலும் இனி நீளாது, ஓரளவாதல் வேண்டும். பேணுதற்பொருட்டு நூலகம் படியெடுத்தல் எங்கும் சட்டப்படி செல்லுதல் வேண்டும். உரியவரைத் தக்கவாறு தேடியும் காணாவிடின் நூலை வெளியிடவும், அவர் பின்னர் தோன்றின் ஈடு வழங்கவும் வழி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் இத்தகைய விதியொன்றை ஆக்கியது.

இது நடவாத காரியம் என்பார்க்கு ஒன்று கூறுவேன். பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூலைப் படியெடுக்கவும் நாடுவிட்டு நாடு அனுப்பவும் 2013 இல் மராக்கேசு உடன்படிக்கை வழிசெய்தது. அதனை முதன்முதல் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. இலங்கையும் 2016 இற் சேர்ந்தது. பார்வையற்றோர்க்குத் திறந்த படலை, நூலிழந்த மக்களுக்கும் திறத்தல் அரிதோ?

சட்டம் படித்தோர் இதனை எழுத்தில் வடியுங்கள்; ஏனையோர் உங்கள் பிரதிநிதிகளிடம் வற்புறுத்துங்கள். வீட்டிலே பழைய ஏடு வைத்திருப்போர் அது அழியுமுன் அறியத் தாருங்கள்.