துப்பாக்கி ஓய்ந்தால் போதாது



துரை மாற்றலாகிப் போனால் தோட்டத்தில் சிலர் மகிழ்வதுண்டு. ஆனால் தோட்டம் கம்பெனியுடையதே. பிரட்டும் பழைய பிரட்டே. ஒரு தேசமே இப்படி ஏமாந்த கதையை இன்று சொல்ல விரும்புகிறோம்.

எகிப்தில் மஹல்லா என்னும் ஊரில் பெரிய பஞ்சாலை உண்டு. வாக்களித்த போனஸ் கிடைக்காததால் 2006 டிசம்பரில் 20,000க்கு மேற்பட்டோர் அங்கு வேலைநிறுத்தம் செய்தனர். முதலில் வெளியே வந்தவர்கள் பெண்களே. அதன்பின் நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. 2011 ஜனவரி 25இல் மக்கள் கெய்ரோவில் திரண்டனர். போலீசார் தாக்கினர், நாடெங்கும் 800க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடைசி நாட்களில் தொழிலாளரும் ஆங்காங்கே வேலையை நிறுத்தினர். பிப்ரவரி 11இல் முபாரக்கின் 30 ஆண்டு ஆட்சி வீழ்ந்தது.

டாங்கிகளோடு வந்த இராணுவம் கூட்டத்தைக் கலைக்கவில்லை. நம் பிள்ளைகள் என்று மக்கள் சிப்பாய்களைக் கட்டித் தழுவினர். சிப்பாய் நம் பிள்ளைதான்; தளபதி யார்? எகிப்து இராணுவத்திற்குத் தொழிற்சாலைகளும் பண்ணைகளும் கட்டடக் கம்பெனிகளும் உண்டு. மாக்கரோனியும் குடிநீர்ப் போத்தலும்கூட விற்கிறது. முபாரக்கின் மகனும் அவருடைய பணக்கார நண்பர்களும் பட்டத்துக்கு வருவதைத் தளபதிகள் விரும்பவில்லை. ஆகவே கிழவரைக் கைவிட்டார்கள், சொத்தைக் கைவிடவில்லை.

அதன்பின் நடந்தது என்ன? ஆட்சி தளபதிகள் சபையின் கைக்குப் போனது. அடுத்த மாதமே வேலையை முடக்கும் வேலைநிறுத்தத்திற்குச் சிறையும் அபராதமும் என்று சட்டம் தயாரானது. சில மாதங்களில் ஏறத்தாழ 12,000 பொதுமக்கள் இராணுவக் கோர்ட்டில் நிறுத்தப்பட்டனர். 2012இல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்த முர்ஸியை 2013 ஜூலை 3இல் தளபதி ஸீஸி கவிழ்த்தார். தனிச் சங்கங்களின் தலைவர் ஒருவருக்கு மந்திரி பதவி கொடுத்தார்கள். தொழிலாளருக்கோ வாய்ப்பூட்டே மிஞ்சியது. 2014இல் ஸீஸியே ஜனாதிபதியானார்.

துனீசியாவைப் பாருங்கள். அங்கும் 2011இல் பென் அலி ஓடினார். அங்கே இராணுவம் சிறியது, வியாபாரம் இல்லாதது. 1946இல் பிறந்த பொதுத் தொழிலாளர் சங்கமோ ஊருக்கு ஊர் கிளை பரப்பியிருந்தது. 2013இல் நாடு பிளவுபட்டபோது அச்சங்கம் முதலாளிகள் சங்கம், வழக்கறிஞர் சங்கம், மனித உரிமைக் கழகம் ஆகியவற்றுடன் சேர்ந்து கட்சிகளைப் பேச்சுக்கு இழுத்து வந்தது. 2014இல் புதிய அரசியல் சட்டம் பிறந்தது. 2015இல் அந்நால்வர் குழுவிற்கு நோபல் சமாதானப் பரிசு கிட்டியது. ஆனால் 2021 ஜூலையில் ஜனாதிபதி சயீத் பாராளுமன்றத்தை முடக்கினார். வாசலில் நின்றது இராணுவமே. ஒரு தரம் வென்றவர்களும் கண்ணயரக் கூடாது.

தோழர்களே! கூட்டம் சேர்ந்தால் அரசன் ஓடுவான். அவன் விட்டுப்போன நாற்காலியில் யார் உட்காருவது என்பதை, கூட்டம் கலைந்த பிறகும் கலையாத அமைப்பே தீர்மானிக்கும். படைக்கு அது உண்டு, பணக்காரருக்கும் உண்டு. நமக்கு உள்ளது சங்கம் ஒன்றே. மாதச் சந்தாவும் கிளைக் கூட்டமும் சிறு காரியம் என்று எண்ணாதீர்கள். சண்டை வரும் நாளில் சங்கம் கட்ட நேரம் இராது.

ஒற்றுமை ஓங்குக!