ஒரு மாத அமைச்சரவையும் மலைநாட்டு மக்களும்

இலங்கையின் அரசியல் வரலாற்றிலே 1960ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பதவியேற்ற அமைச்சரவையைப் போல் விரைவில் வீழ்ந்தது வேறொன்றைக் காண்பது அரிது. மார்ச் 21ஆம் நாள் டட்லி சேனாநாயக்கா பிரதமரானார். ஏப்ரல் 22ஆம் நாள், சிம்மாசனப் பிரசங்கத்தின் மீது நடந்த வாக்கெடுப்பில் அவருடைய அரசாங்கம் தோற்றது. இடையே கழிந்தது ஒரு மாதமும் ஒரு நாளும். கொழும்பில் நடந்த அந்த வாக்கெடுப்புக்கும் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மக்களுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு, அது நெருங்கிய தொடர்பே.

அந்த அமைச்சரவை ஒரு கொந்தளிப்பின் பின் பிறந்தது. 1956இல் பண்டாரநாயக்காவின் கூட்டணி, மொத்தம் 95 இடங்களில் 51ஐக் கைப்பற்றியது. அதுவரை ஆண்ட ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே எட்டு. வாக்குச் சீட்டினால் நிகழ்ந்த புரட்சி என்று ஆதரவாளர்கள் அதனைப் போற்றினர். பிக்கு, வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளி என்னும் ஐம்பெரும் சக்திகளின் எழுச்சி என்றும் கூறினர். தொழிலாளி என்ற அச்சொல்லினுள், நாட்டுக்குப் பெரும் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த தோட்டத் தொழிலாளி அடங்கவில்லை என்பதை அன்று எவரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தில், மலைநாட்டாரின் குடியுரிமைப் பிரச்சினை விரைவில் கவனிக்கப்படும் என்ற அளவில் ஒரு வாக்குறுதி இருந்தது. மறு ஆண்டே அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. 1959 செப்டெம்பரில் பிரதமரே சுடப்பட்டு இறந்தார். அடுத்து வந்த தகநாயக்கா, அமைச்சர்களை ஒருவர்பின் ஒருவராக நீக்கி, பாராளுமன்றத்தையும் கலைத்துவிட்டுத் தேர்தலுக்குச் சென்றார். தம் காலித் தொகுதியையும் இழந்தார்.

இனி மலைநாட்டிற்கு வருவோம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமானும், தலவாக்கொல்லையில் கவிஞர் வேலுப்பிள்ளையும் வெற்றி பெற்றவர்களுள் இருந்தனர். ஏழு பேர் என்பது சிறு தொகையன்று. பெரும்பான்மையற்ற எந்த அரசாங்கமும் எண்ணிப்பார்க்க வேண்டிய தொகை. 1948இல் குடியுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. அவற்றைக் கொண்டுவந்தது டி. எஸ். சேனாநாயக்காவின் அரசாங்கம். அவர் மைந்தர் டட்லி அதில் விவசாய அமைச்சராக இருந்தார். பின்னர்க் குடியுரிமை கோரி விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பெற்றவர்களோ ஏறத்தாழ 1,34,000 பேர்தாம். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு இடங்களும் மறைந்தன.

தோட்டத்தில் 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. விடியலில் தப்பொலி கேட்டெழுந்து, பிரட்டுக் களத்தில் நின்று, மாலை வரை உழைத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். அங்ஙனம் செக்ரோலில் ஆண்டாண்டாகப் பேர் பெற்றவர்களுக்கு வாக்காளர் இடாப்பில் பேரில்லை. இதனினும் விந்தையான ஒன்று உண்டு. மாகாணங்களுக்குத் தொகுதிகளைப் பங்கிடும்போது 75,000 மக்களுக்கு ஓர் இடம் என்று கணக்கிட்டனர். அக்கணக்கில் குடியுரிமை அற்றோரையும் சேர்த்துக்கொண்டனர். ஆகவே லயன்களில் வாழ்ந்தோரின் தலைகளால் மலைநாட்டு மாகாணங்களுக்கு இடங்கள் கூடின. அவ்விடங்களுக்கு ஆளைத் தெரிவு செய்யும் உரிமையோ அயல் கிராமத்தாருக்குப் போயிற்று. எண்ணுவதற்கு வேண்டிய மனிதர், கேட்பதற்கு வேண்டாதவராயினர்.

இப்படிப் பங்கிட்ட 151 இடங்களுக்கே 1960 மார்ச் 19ஆம் நாள் தேர்தல் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. நியமன உறுப்பினர் அறுவரைச் சேர்த்தாலும் டட்லிக்குப் பெரும்பான்மை இல்லை. மலைநாட்டாரின் குடியுரிமை குறித்த கருத்து வேற்றுமையிலிருந்து 1949இல் பிறந்தது தமிழரசுக் கட்சி. அக்கட்சியின் ஆதரவே இப்பொழுது தராசின் முள்ளாயிற்று. செல்வநாயகம் முன்வைத்த கோரிக்கைகளுள் பிரதேச சுயாட்சியும் தமிழ்மொழி உரிமையும் இருந்தன. குடியுரிமைச் சட்டத் திருத்தமும் இருந்தது. அதுவரையில் நியமன இடங்களின் வழியாக மலைநாட்டார்க்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்றும் கேட்டார். டட்லி இணங்கவில்லை. இணங்கியிருந்தால் சிங்கள வாக்காளரிடையே தம் கட்சி அழிந்துவிடும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. சபாநாயகர் தெரிவிலேயே அரசாங்கத்தின் வேட்பாளர் தோற்று, சுபசிங்க தெரிவானார். முடிவு அப்பொழுதே தெரிந்துவிட்டது. ஏப்ரல் 22ஆம் நாள் எதிராக 86 வாக்குகள், ஆதரவாக 61.

தந்தையின் அரசாங்கம் இல்லாதாக்கிய வாக்குகளின் பேரால் மகனின் அரசாங்கம் வீழ்ந்தது என்று முழுவதும் கூறிவிட முடியாது. இடதுசாரிகளும் சுதந்திரக் கட்சியாரும் எப்படியும் எதிர்த்தே வாக்களித்திருப்பர். ஆயினும் தமிழரசுக் கட்சியுடன் நடந்த பேரத்தில் மலைநாட்டு மக்கள் ஒரு நிபந்தனையாக நின்றனர். பேசும் இடத்தில் அவர்களுக்கு ஆசனம் இல்லை.

சி. பி. டி சில்வாவை அழையாது, மகாதேசாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். ஜூலையில் சுதந்திரக் கட்சி 75 இடங்களைப் பெற்றது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமரானார். அவருக்குத் தமிழரசுக் கட்சியின் தயவு தேவைப்படவில்லை, கோரிக்கைகளும் மறக்கப்பட்டன. தொண்டமானுக்கு நியமன உறுப்பினர் பதவி கிடைத்தது. நான்காண்டுகள் கழித்து, 1964 அக்டோபரில், ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவர் என்று பிரித்தது; 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என்று விட்டுவைத்தது.

தேர்தல் வழியாக மலைநாட்டார் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தது 1977இல். மூவரைத் தெரிவு செய்த நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் மூன்றாமவராக வந்தார். அவருக்கு முன்னே இரண்டாமவராக வந்தவர் பண்டாரநாயக்காவின் மைந்தர் அநுரா.